மீண்டும் சாவி வாங்கும் முன்

அத்தியாயம் 9: இடைவெளிக்குப் பிறகு புது கம்பெனியில் லாரி ஓட்டப் போகிறவருக்கு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் விடியற்காலை நாலரை மணிக்கு ஏதாவதொரு டீக்கடையில் நின்று பாருங்கள். சுண்ணாம்புக்கல் டிப்பர், சாம்பல் ஏற்றிய பல்கர், சிமென்ட் மூட்டை லோடு என்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். அவற்றை ஓட்டுகிறவர்களில் பலர் ஒருமுறை இந்தத் தொழிலை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள். சிலர் வளைகுடா நாடுகளில் சில வருஷம் இருந்துவிட்டு வந்திருப்பார்கள். சிலர் நிலத்தை நம்பி இறங்கி, 2018-இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றுவிட, கடனோடு மறுபடி ஸ்டியரிங் பிடித்திருப்பார்கள். நான் முதுகுத்தண்டில் டிஸ்க் நகர்ந்து நாலு வருஷம் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்பியவன்.

திரும்பிய பத்தாவது நடையில் எனக்குப் பின்டயர் ஒன்று வெடித்தது. ஏற்கெனவே மொட்டையாகியிருந்த டயர் அது. மாதக் கடைசியில் செட்டில்மென்ட் சீட்டைப் பார்த்தபோது என் பேட்டாவிலிருந்து டயர் பணத்தில் பாதியைப் பிடித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "சேரும்போது கையெழுத்துப் போட்டீங்களேண்ணே, அதுல இருக்கு" என்றார் கணக்குப் பார்க்கிற தம்பி. நான் கையெழுத்துப் போட்டபோது அந்தத் தாள் வெறுந்தாளாக இருந்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் எதையும் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான். பேச வேண்டியதையும் பார்க்க வேண்டியதையும் சாவி கைக்கு வரும் முன் முடித்துவிடுங்கள். கைக்கு ஓட்டும் பழக்கம் மறக்காது. ஆனால் நீங்கள் இல்லாத வருஷங்களில் வண்டி மாறியிருக்கிறது, சட்டம் மாறியிருக்கிறது, சம்பளம் பேசுகிற விதமும் மாறியிருக்கிறது.

முதலில் லைசென்ஸ் கார்டை எடுத்துப் பாருங்கள்

கார்டில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று நான்-டிரான்ஸ்போர்ட், மற்றது டிரான்ஸ்போர்ட். பலர் முதல் தேதியைப் பார்த்துவிட்டு "இன்னும் எட்டு வருஷம் இருக்கு" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். லாரிக்கு டிரான்ஸ்போர்ட் தேதிதான் கணக்கு. முன்பு அது 3 வருஷத்துக்கு ஒருமுறை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு 5 வருஷம்.

அந்தத் தேதி முடிந்து ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்வாக வேண்டும். தேதி முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளிநாடு போகிற தம்பிகள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். விமானம் ஏறும் முன் ஒருநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்வந்தால், திரும்பி வந்தபின் பல மாத அலைச்சல் மிச்சம்.

புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். அதற்கான தாள் படிவம் 1ஏ. காசு கொடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்கி வராதீர்கள். பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையோ 2022-இல் தொடங்கிய அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியோ உங்களுக்குப் பக்கம்தான். போய்க் கண்ணையும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் உண்மையாகவே பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்குக் கண்புரை மெதுவாக வரும். எதிர் வண்டியின் லைட் பூப்பூவாகச் சிதறித் தெரிந்தால் "ஹெட்லைட்டை மாத்திட்டாங்க" என்று எதிராளியைத் திட்டுவதற்கு முன், உங்கள் கண்ணைக் காட்டுங்கள்.

எரிவாயு, பெட்ரோல், அமிலம் ஏற்றும் வண்டி என்றால் அபாயகரப் பொருள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் அரியலூர் மாவட்டம் வாரணவாசி அருகே சமையல் எரிவாயு சிலிண்டர் ஏற்றிய லாரி கவிழ்ந்து, சிலிண்டர்கள் வெடித்துச் சிதறின. அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் இது நினைவில் இருக்கட்டும். பயிற்சி இல்லாமல் "ஒரு நடை மட்டும் போயிட்டு வாங்க" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

எந்த லோடு உங்களுக்கு ஒத்துவரும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஒரு வசதி உண்டு. வேலை தேடி நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் போகவேண்டியதில்லை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இத்தனை சிமென்ட் ஆலைகளும் வந்தன. அரியலூரில் அரசின் டான்செம் ஆலை 1979-இல் வந்தது. கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர், தாமரைக்குளம், தளவாய், ஆலத்தியூர், பக்கத்து மாவட்டத்தில் கல்லக்குடி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் புகைபோக்கி தெரியும். பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் டயர் ஆலை, எறையூரில் சர்க்கரை ஆலை, பாடாலூர் வட்டாரத்தில் கல் குவாரிகள் இருக்கின்றன. ஆகவே இடைவெளிக்குப் பிறகு வருகிறவர் கிடைத்த வண்டியில் ஏறாமல், தன் உடம்புக்கும் வீட்டுக்கும் ஏற்ற லோடைத் தேர்ந்தெடுக்கலாம்.

சுரங்க டிப்பர். சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் குறுகிய தூரம்தான், இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் நடைக் கணக்கில் காசு என்பதால் விரட்டச் சொல்லும். பள்ளம் மேட்டில் குலுங்குவதால் முதுகு வலிக்காரருக்கு ஆகாது. கொட்டும்போது தரை சமமாக இருக்கிறதா, தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியைத் தூக்க வேண்டும். கொட்டி முடித்ததும் தொட்டி முழுதாக இறங்கியதா என்று பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

பல்கர். நெய்வேலி, மேட்டூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் மூட்டை கட்டாத சிமென்ட்டும் இதில் போகும். தார்ப்பாய் கட்டும் வேலை கிடையாது, மூட்டை எண்ணும் வேலை கிடையாது. ஆனால் பாரம் உயரத்தில் நிற்கும். வளைவில் கொஞ்சம் வேகம் கூடினாலும் சாய்த்துவிடும். இறக்கும்போது டேங்குக்குள் காற்றழுத்தம் ஏற்றுவார்கள். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை மேல் மூடியில் கை வைக்கக் கூடாது. அவசரத்தில் திறந்தால் மூடி ஆளையே தூக்கி எறியும். பல்கர் ஓட்டாதவர் குறைந்தது நாலு நடையாவது பழைய ஆளோடு உடன்போய்ப் பழக வேண்டும்.

மூட்டை லோடு. கேரளா, மதுரை, சென்னை என்று எங்கும் போகும். ஆலை வாசலில் டோக்கன் போட்டுக் காத்திருப்பதே அரைநாள் ஆகலாம். மழைக்காலத்தில் தார்ப்பாயில் ஒரு ஓட்டை இருந்தால் போதும், நனைந்த மூட்டையின் விலை உங்கள் தலையில் வந்து விழும். ஏற்றும்போது எண்ணுங்கள், இறக்கும்போதும் எண்ணுங்கள்.

நெடுந்தூர வண்டி. வருமானம் கூடுதல். பதினைந்து நாள் வீட்டைப் பார்க்க முடியாது. இடைவெளிக்குப் பிறகு முதல் ஆறு மாதம் இதில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தூக்கத்தைத் தாங்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அது திரும்பிவிட்டதாக நாமே நம்பிக்கொள்ளும் நேரத்தில்தான் கண் சொருகும்.

ஆபீஸில் உட்கார்ந்து கேட்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே உள்ள கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நோட்டைப் பார்த்துக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒழுங்கான கம்பெனியில் இப்படிக் கேட்கிற டிரைவருக்கு மரியாதை கூடும். இதைக் கேட்டதற்கே முகம் சுளிக்கிற கம்பெனி, செட்டில்மென்ட் நாளில் எப்படி நடந்துகொள்ளும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1. மாதச் சம்பளமா, நடைக் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா? பேட்டா அதில் சேர்ந்ததா, தனியா? எந்தத் தேதியில் கைக்கு வரும்?
2. ஆலை வாசலிலோ இறக்கும் இடத்திலோ ஒருநாளுக்கு மேல் காத்திருந்தால் காத்திருப்புப் பேட்டா உண்டா?
3. டீசல் மைலேஜ் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? குறைந்தால் யார் பணம்? லோடு இருக்கும்போது எவ்வளவு, காலியாக வரும்போது எவ்வளவு என்று பிரித்துப் பேசுங்கள்.
4. டயர் வெடித்தால், மூட்டை குறைந்தால், கண்ணாடி உடைந்தால் யார் தரவேண்டும்?
5. ஓவர்லோடு ஏற்றச் சொல்வீர்களா? அபராதம் வந்தால் யார் கட்டுவது?
6. கிளீனர் உண்டா? இல்லையென்றால் தார்ப்பாய் கட்ட, கயிறு இழுக்க ஆள்கூலி யார் தருவது?
7. விபத்து நடந்தால் வக்கீல், ஜாமீன், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கம்பெனி நிற்குமா? வண்டி இன்சூரன்ஸில் டிரைவருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருக்கிறதா?
8. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா?

கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குப் பி.எஃப். கட்டாயம். உங்களுக்கு முன்பு எங்காவது பி.எஃப். பிடித்திருந்தால் யு.ஏ.என். எண் ஒன்று இருக்கும். அது ஆயுசுக்கும் ஒரே எண். புது கம்பெனியில் அதே எண்ணைக் கொடுங்கள். புதிதாக ஒன்று போட விடாதீர்கள். பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷ சேவை வேண்டும். பழைய கம்பெனியில் 6 வருஷம் இருந்திருந்தால் அதை இங்கே சேர்த்துக்கொண்டு இன்னும் நாலு வருஷத்தில் அந்த வரம்பைத் தொட்டுவிடலாம். வேலை விட்டதும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த 6 வருஷம் போனது போனதுதான். கம்பெனி சிறியது, பி.எஃப். இல்லை என்றால் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் படிப்புக்கும் திருமணத்துக்கும் விபத்துக்கும் உதவி கிடைக்கும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும். "எனக்கு லெட்டர் குடுங்க சார்" என்று கேட்பது உங்கள் உரிமை. வெறுந்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரிஜினல் லைசென்ஸை ஆபீஸில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் ஜெராக்ஸ் கொடுங்கள்.

எடை விஷயத்தில் சமரசம் கிடையாது

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆர்.சி.யில் உங்கள் 10 சக்கர வண்டியின் மொத்த எடை 28 டன், காலி எடை 10 டன் என்று இருக்கிறது. ஏற்றக்கூடியது 18 டன். சிமென்ட் மூட்டை 50 கிலோ. டன்னுக்கு 20 மூட்டை. அப்படியானால் 360 மூட்டை. நானூறாகக் கணக்கை முழுசாக்கலாம் என்று ஏற்றினால் 2 டன் கூடுதல். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-இன்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. ஆக 24,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகரும்.

பணத்தை ஓனர் கட்டுவார் என்று வைத்துக்கொள்வோம். ஓவர்லோடுக்கு டிரைவரின் லைசென்ஸை 3 மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்கலாம். அந்த 3 மாதம் உங்கள் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு? எடை மேடைச் சீட்டைக் கையில் வாங்கிப் படித்துப் பார்த்த பிறகே ஆலை கேட்டைத் தாண்டுங்கள். "எப்பவும் இப்படித்தான் போகும்" என்பது பதில் ஆகாது.

நீங்கள் இல்லாதபோது மாறிய வண்டி

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பி.எஸ்.6 வண்டிகள். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று இருக்கும். நம் ஆட்கள் யூரியா டேங்க் என்பார்கள். பங்கில் ஆட்ப்ளூ என்று கேட்டால் தருவார்கள். அது தீர்ந்தால் முதலில் விளக்கு எரியும், பிறகு இன்ஜின் இழுவை குறைந்துவிடும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். டீசலும் அதுவும் இடம் மாறி ஊற்றப்படாமல் பங்கில் பக்கத்திலேயே நில்லுங்கள்.

புகைக் குழாயில் உள்ள வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கான விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓட விடுங்கள். காய்ந்த புல்மேலோ மக்காச்சோளத் தட்டை அருகிலோ அப்போது நிறுத்தக் கூடாது. குழாய் அந்த அளவு சூடாகும்.

2025 அக்டோபருக்குப் பிறகு தயாரான லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டோடு வெந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஆனால் குளிர்ந்த கேபின் தூக்கத்தையும் கூட்டி வரும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்று வைத்தது. அதை உங்கள் உடம்புக்கான சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதமும் மாறியிருக்கிறது. டோல்கேட்டில் ஃபாஸ்டேக், சரக்குக்கு ஈ-வே பில். ஈ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒருநாள் கணக்கு. வண்டி ரிப்பேராகி வழியில் நின்றால், நேரம் முடியும் தறுவாயில் ஆபீஸுக்குப் போன் போட்டு நீட்டிக்கச் சொல்லுங்கள். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும்.

முதல் நாள் காலை, வண்டியைச் சுற்றி ஒரு நடை

சாவி வாங்கியதும் ஏறி உட்காராதீர்கள். இடப்பக்க முன்டயரில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் ஒரு தட்டு. காற்று சரியாக இருக்கிற டயர் "ணங்" என்று திருப்பிச் சொல்லும். காற்றுக் குறைந்த டயர் "தொப்" என்று வாங்கிக்கொள்ளும். இரட்டை டயரில் உள்பக்க டயரைத் தட்டாமல் விடுவதுதான் வழக்கமான தப்பு. வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. குனிந்து ஏர் டேங்கின் வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். பிறகு போனை எடுத்து டயர், பம்பர், கண்ணாடி, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் படம் எடுத்து, சூப்பர்வைசர் வாட்ஸப்புக்கு அனுப்புங்கள். நான் அன்று ஒரு மொட்டை டயரின் படத்தை எடுத்து அனுப்பியிருந்தால், அந்த மாதம் என் மகளின் ஸ்கூல் ஃபீஸுக்குக் கடன் வாங்கியிருக்க மாட்டேன்.

நம் சாலைகளின் குணம்

பெரம்பலூர் வழியாகப் போகும் சென்னை–திருச்சி சாலையில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் திறந்திருக்கும். அந்த நாட்களில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் சாலையைக் கடப்பார்கள். திருமாந்துறையிலிருந்து பாடாலூர் வரை எந்தக் கிராமத்து நடுத்திட்டுத் திறப்பிலும் ஒரு பைக் குறுக்கே வரும் என்று எண்ணியே ஓட்டுங்கள்.

அரியலூர் சாலைகளில் பள்ளி விடும் நேரமும் லாரி நெரிசலும் ஒன்றாக வரும். லாரி மோதிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்கள் இங்கே உண்டு. அந்த ஊர்க்காரர்கள் நம்மைப் பார்க்கிற பார்வையில் கோபம் இருந்தால் அதற்கு நியாயம் இருக்கிறது. காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை, மாலை நாலிலிருந்து ஐந்தரை, இந்த இரண்டு வேளையும் ஒரு நடை குறைந்தாலும் பரவாயில்லை என்று ஓட்டுங்கள்.

அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் பாதிவரை மக்காச்சோளம் காயும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். இரவில் அது தெரியாது. கரும்பு டிராக்டர் பின்லைட் இல்லாமல் போகும். மார்கழிப் பனியில் ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்பக்கம், மோதுகிற தூரம் வரைக்கும் கண்ணுக்குப் படாது. உங்கள் வண்டி பழுதாகி நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, சிவப்பு முக்கோணத்தை நன்றாகத் தள்ளி வையுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் அடிபட்டவருக்கு உதவுவது பிரிவு 134-இன்படி உங்கள் கடமை. கூட்டம் அடிக்கும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படியானால் 108-க்குப் போன் செய்துவிட்டு, நேராகப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வண்டி எண்ணோடு சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஓடுகிறவருக்கு வழக்கும் பெரிதாகும், தூக்கமும் போகும்.

முதல் மாத நோட்டு

கேள்விகள் எழுதிய அதே நோட்டில், தினமும் இரவு ஐந்து வரி எழுதுங்கள். கிளம்பிய நேரம், கிலோமீட்டர், டீசல், எடைச் சீட்டு எண், காத்திருந்த மணி. மாதக் கடைசியில் ஆபீஸ் சீட்டையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் குரலை உயர்த்தாமல் பக்கத்தைத் திருப்பிக் காட்டிக் கேளுங்கள்.

நான் இரண்டாவதாகச் சேர்ந்த இடத்தில் அப்படித்தான் கேட்டேன். இரண்டு நாள் காத்திருப்புப் பேட்டா விட்டுப்போயிருந்தது. கணக்கர் என் நோட்டை வாங்கித் தேதி தேதியாகப் பார்த்தார். அவருடைய பேரேட்டைத் திருத்திவிட்டு, "அடுத்த மாசமும் இதைக் கொண்டாங்கண்ணே" என்றார். அந்த வண்டியை ஒன்பது வருஷம் ஓட்டினேன்.